ஸ்னோஷூ என்றால் என்ன? குளிர்காலத்தில் கனடா போகிற கொழும்புக்காரர்களுக்கு

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ எந்தத் தொடர்மாடியில் கதவைத் தட்டினாலும், கனடாவில் ரொறன்ரோப் பக்கம், ஸ்காபரோவில் ஒரு மகன், மார்க்கத்தில் ஒரு மச்சாள் என்று யாராவது இருப்பார்கள். பேரப்பிள்ளை பிறந்தது, கலியாணவீடு வந்தது, சும்மா பார்க்கக் கூப்பிட்டார்கள் என்று இங்கிருந்து விமானம் ஏறுகிறவர்களில் கனபேர் போய் இறங்குவது டிசம்பரில், ஏனென்றால் இங்கே லீவு கிடைப்பதும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விடுவதும் அப்போதுதான். போய், சூடேற்றிய வீட்டுக்குள் இருந்து யன்னலால் வெளியே பார்த்துவிட்டு, “ஒரே குளிர், கால் வைக்கவே ஏலாது” என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். எனக்கு இது பெரிய மனவருத்தம். நடக்கத் தெரிந்த யாரும் பனி கொட்டிக் கிடக்கிற பூங்காவுக்குள் ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு வரலாம். அதற்கு, பூட்ஸுக்குக் கீழே மாட்டுகிற அகன்ற சட்டங்களான ஸ்னோஷூ ஒரு சோடியும், கூட வர இரண்டு மூன்று நண்பர்களும், அந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கமும் இருந்தால் போதும். முதல் இரண்டையும் அங்கே இருக்கிற சொந்தக்காரர் ஒழுங்கு செய்வார்கள். மூன்றாவதை இங்கேயே படித்துவிட்டுப் போகலாம்.

முதலில் பனி என்ன என்று பார்ப்போம், ஏனென்றால் படத்தில் மட்டும் பார்த்த எங்களுக்கு அது கெட்டியான ஒரு வெள்ளைத் தரை போலத் தெரியும். புதிதாகக் கொட்டின பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கிடக்கிற புதுப்பனியை உருக்கினால் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் தண்ணீர்தான் மிஞ்சும், மிச்சம் எல்லாம் பனித்துகள்களின் கிளைகளுக்கு இடையே மாட்டிக்கொண்டு நிற்கிற காற்று. அதற்கு மேல் சாதாரண பூட்ஸோடு கால் வைத்தால் அந்தக் கிளைகள் நொறுங்கி, காற்று வெளியேறி, கால் அடி வரைக்கும் போய்விடும். பிறகு அந்தக் காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வெளியே எடுத்து அடுத்த அடி வைக்க வேண்டும். நூறு மீற்றர் இப்படி நடந்தால் மூச்சு வாங்கும், ஒரு கிலோமீற்றர் என்பது நினைத்துப் பார்க்கிற காரியமில்லை.

இப்போது பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அமுக்கம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது. நடக்கும்போது ஒரு கணத்தில் உடம்பின் முழுப் பாரமும் ஒரே காலில்தான் நிற்கிறது. 70 கிலோ உள்ள ஒருவர், ஏறத்தாழ 250 சதுர சென்ரிமீற்றர் அடிப்பரப்புள்ள ஒரு பூட்ஸில் நிற்கிறார் என்றால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 280 கிராம் பாரம் விழுகிறது. அதே ஆள் 25 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள ஸ்னோஷூவைப் போட்டால், வளைந்த மூலைகளைக் கழித்துப் பார்த்தாலும் 1100 சதுர சென்ரிமீற்றர் கிடைக்கும், பாரம் சதுர சென்ரிமீற்றருக்கு 64 கிராமாகக் குறைந்துவிடும். நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆள் மெலியவில்லை, பனியும் கெட்டியாகவில்லை, பாரம் விழுகிற இடம் மட்டும் பரந்துவிட்டது. ஸ்னோஷூவின் தத்துவம் இவ்வளவுதான்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம், சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் செய்து காட்டுங்கள். ஒரு தட்டில் கோதுமை மாவை இரண்டு விரல் உயரத்துக்கு, அமுக்காமல் அரித்துக் கொட்டுங்கள். தண்ணீர் நிறைந்த ஒரு சின்னப் போத்தலின் மூடியை இறுக்கித் தலைகீழாக அதன்மேல் நிறுத்தினால் மூடி மாவுக்குள் புதையும். எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு தடித்த காட்போட் துண்டை வைத்து அதற்கு மேல் அதே போத்தலை அதே மாதிரி நிறுத்துங்கள். காட்போட்டும் தாழும், ஆனால் கொஞ்சமாக. துண்டை மெதுவாகத் தூக்கிவிட்டு, கீழே மாவு எப்படி வழவழப்பாக அமுங்கி இறுகியிருக்கிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அந்த இறுகிய இடத்தை மறக்க வேண்டாம், கீழே அது திரும்பவும் வரும்.

காட்போட்டும் தாழ்ந்தது என்று சொன்னேன், அதைக் கவனியுங்கள். ஸ்னோஷூ போட்டால் பனிக்கு மேலே புதையாமல் நடக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் முதல் அடியிலேயே ஏமாந்துபோய், சாமான் சரியில்லை, எனக்குப் பொருந்தவில்லை என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். அது புதைவதை நிறுத்துவதில்லை, குறைக்கிறது. புதுப்பனியில் முழங்கால் வரை போகிற கால், ஸ்னோஷூவோடு கணுக்கால் அளவுக்குப் போகும். பழைய, இறுகின பனியில் ஒரு விரல் அளவுகூடப் போகாது. இந்த ஒரு விஷயம் விளங்கிவிட்டால் எந்த அளவு எடுப்பது, எப்படிக் கால் வைப்பது, ஏன் நண்பர்களோடு போக வேண்டும் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

இதைக் கண்டுபிடித்தது எந்தக் கடையும் இல்லை. வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள், கிரீ, ஒஜிப்வே, அல்கொன்குவின், ஹியூரன் என்று ஒவ்வொரு இனமும் தங்கள் காட்டுக்கும் தங்கள் பனிக்கும் ஏற்ற மாதிரி இதைச் செய்துவந்திருக்கிறார்கள். ஆஷ் மரத்தை நீராவியில் காட்டி வளைத்துச் சட்டம் செய்து, கரிபு மான், மூஸ் மான் ஆகியவற்றின் பதனிடாத தோலை நாடாவாக வெட்டி ஈரமாகவே பின்னுவார்கள், காய்ந்ததும் அது விறைத்து இழுபட்டு நிற்கும். அடர்ந்த காட்டில் மரங்களுக்கு இடையே திரும்புவதற்கு, வாலில்லாத வட்டமான ஒரு வகை. அதற்குக் கரடிப் பாதம் என்றே பெயர். திறந்த வெளியில் நேராகப் போவதற்கு நீளமானவை. ஒஜிப்வே மக்களுடையது முன்னும் பின்னும் கூராகி, முன்நுனி மேலே வளைந்து நிற்கும். குளிர்காலத்தில் அவர்களுக்கு இது விளையாட்டில்லை. வேட்டையும் வியாபாரமும் உறவு பார்க்கப் போவதும் எல்லாம் இதை நம்பித்தான் நடந்தன. ஐரோப்பியர் வந்து சேர்ந்தபோது அவர்களிடம்தான் பார்த்துப் பழகினார்கள்.

மிருகங்களிடமும் இதே கணக்கு இருக்கிறது. ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்குக் காடுகளில் ஸ்னோஷூ முயல் என்று ஒன்று உண்டு, உடம்போடு ஒப்பிட்டால் பின்னங்கால் பாதம் மிகப் பெரியது. அதைப் பிடித்துத் தின்கிற லின்க்ஸ் என்ற காட்டுப் பூனைக்கும் அகன்ற, மயிர் அடர்ந்த பாதங்கள். குறுகிய குளம்புள்ள வெள்ளைவால் மானுக்கு அந்த வசதியில்லை, அது ஆழப் பனியில் வயிறு வரை புதையும். அதனால் கடும் பனிக்காலத்தில் மான்கள் ஊசியிலை மரங்களுக்குக் கீழே கூட்டமாகச் சேர்ந்து, ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடந்து அதை மிதித்து இறுக்கி வைத்திருக்கும். பாதம் பெரிதாக இல்லாவிட்டால் கூட்டமாகச் சேர்ந்து பாதை போடு என்பதுதான் மானின் வழி. மனிதர்கள் ஸ்னோஷூ போட்டு வரிசையாகப் போகும்போது முயலுடைய வழியையும் மானுடைய வழியையும் சேர்த்தே எடுக்கிறார்கள்.

சரி, சாமானைக் கையில் எடுத்துப் பார்ப்போம். இப்போது கிடைப்பது பெரும்பாலும் அலுமினியக் குழாயை வளைத்த சட்டமும், நடுவே இழுத்துக் கட்டிய தடித்த பிளாஸ்டிக் துணியும். முழுவதும் பிளாஸ்டிக்கால் வார்த்தவையும் உண்டு. ஒரு சோடி ஏறத்தாழ 2 கிலோ வரும். நடுவில், பாதத்தின் முன்பாதி வருகிற இடத்தில் ஒரு பிணைப்பு இருக்கிறது, அதுதான் இதில் மிக முக்கியமான உறுப்பு. பூட்ஸின் முன்பகுதியை அதற்குள் நுழைத்து, பட்டிகளை இறுக்கி, குதிக்குப் பின்னால் ஒரு பட்டியைச் சுற்றி மாட்டுவார்கள். ஆனால் குதி ஸ்னோஷூவோடு கட்டப்படுவதில்லை, அது சும்மாதான் நிற்கும். காலைத் தூக்கும்போது குதி மேலே எழும்ப, அந்தப் பிணைப்பு கீல் போலத் திரும்பிக் கொடுக்கும், ஸ்னோஷூவின் வால் பனியில் இழுபட்டுக்கொண்டே வரும். அந்த வாலையும் சேர்த்துத் தூக்க முயற்சிக்க வேண்டாம், தூக்கினால் தொடை நோகும். கீழே திருப்பிப் பார்த்தால் முன்பாதத்துக்கு நேர் கீழேயும் குதிக்குக் கீழேயும் உலோகப் பற்கள் தெரியும். ஏற்றத்திலும் உறைந்த இடங்களிலும் வழுக்காமல் கடித்துப் பிடிப்பது அவைதான். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கிற நாளில் ஈரப்பனி அந்தப் பற்களில் கட்டிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும், கைத்தடியால் இரண்டு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும்.

அளவு எடுப்பது உயரத்தைப் பார்த்தோ பாதத்தின் நீளத்தைப் பார்த்தோ இல்லை, பாரத்தைப் பார்த்து. உடுப்பு, பூட்ஸ், முதுகுப்பை எல்லாம் சேர்த்த பாரம். பொதுவாக 25 அங்குலம் 55 கிலோவிலிருந்து 80 கிலோ வரைக்கும், அதற்கு மேல் 30 அங்குலம், மெலிந்தவர்களுக்கு 21 அல்லது 22 அங்குலம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் அட்டவணையைச் சாமானிலேயே ஒட்டியிருப்பார், அதைப் பாருங்கள். பெரிது என்றால் குறைவாகப் புதையும், ஆனால் பாரமும் அகலமும் கூடும். நகரத்துப் பூங்காவில் ஏற்கெனவே ஆட்கள் நடந்து இறுகின பாதையில் போகப் போகிறீர்கள் என்றால் இரண்டு அளவுகளில் சின்னதை எடுங்கள், எனக்கு இதில் சந்தேகமே இல்லை. முதல் தடவைக்கு வாங்கவும் வேண்டாம். பனிக்கால விளையாட்டுச் சாமான் கடைகளிலும் சில பூங்காக்களிலும் நாள் வாடகைக்குத் தருவார்கள்.

எங்கே போவது என்றால், நம்மவர்கள் இருக்கிற இடத்துக்கு மிகக் கிட்டவே ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங் மூன்றையும் தொட்டுக்கொண்டு கிடக்கிற ரூஜ் தேசிய நகரப் பூங்கா. 2015இல் சட்டப்படி அமைந்த கனடாவின் முதலாவது தேசிய நகரப் பூங்கா அது. பரப்பு 79 சதுர கிலோமீற்றர், கொழும்பு மாநகர சபை எல்லை முழுவதும் 37 சதுர கிலோமீற்றர்தான், ஆக இரண்டு கொழும்பு அதற்குள் அடங்கும். உள்ளே போகக் காசு இல்லை. ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்தில், விஸ்டா பாதை தொடங்குகிறது. சின்னப் பாதை, பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடையும் உண்டு, முதல் நாளுக்கு அது நல்லது. கொஞ்சம் பழகினவர்கள் மாஸ்ட் பாதைக்குப் போகலாம். அது 200 வருடங்களுக்கு மேற்பட்ட மரம் இழுத்த வழி, கப்பலின் பாய்மரத்துக்கென்று வெள்ளை பைன் மரங்களை வெட்டி அவ்வழியால்தான் கொண்டுபோனார்கள், பெயரும் அப்படி வந்ததுதான். ஏற்ற இறக்கம் உள்ள வழி. ஒன்றைச் சொல்ல வேண்டும்: ரொறன்ரோவில் எல்லா நாளும் பனி கிடக்காது, ஜனவரியிலேயே நாலு நாள் வெயில் அடித்து எல்லாம் உருகிச் சேறாகிவிடுவதும் உண்டு. கணுக்காலுக்கு மேல் பனி இல்லாத நாளில் ஸ்னோஷூ எதற்கும் உதவாது, அன்றைக்குச் சும்மா பூட்ஸோடு நடந்துவிட்டு வாருங்கள்.

நடையைப் பற்றி எழுதுவதைவிடக் காட்டுவது சுகம். எங்களுக்குச் சித்தி முறையான ஒருவர், வெள்ளவத்தையிலிருந்து போனவர், முழங்கால் வருத்தம் கொஞ்சம் உள்ளவர். வாகனத் தரிப்பிடத்தில் அவரைக் காரின் பின்பக்கத்தில் இருத்தி, ஒருவர் குனிந்து பட்டிகளை மாட்டினார். கையுறையோடு அந்தக் கொக்கியைப் போட முடியாது, கழற்றினால் விரல் விறைக்கும், அதனால் அவர் ஒரு பட்டியை இழுப்பதும் கையை ஜக்கெட்டுக்குள் விடுவதும் மற்றப் பட்டியை இழுப்பதுமாக இருந்தார். சித்தி எழும்பி நின்று முதல் அடியை வழக்கம்போல ஒடுக்கி வைத்தார், ஒரு ஸ்னோஷூவின் ஓரம் மற்றதின் மேல் ஏறிவிட்டது. “சித்தி, காலைக் கொஞ்சம் அகட்டி வையுங்கோ, அவசரப்பட வேண்டாம்” என்று சித்தியின் மகனுடைய சிநேகிதப் பிள்ளை கையைப் பிடித்தாள். இரண்டு கையிலும் தடி கொடுத்தோம். ஐந்தாறு அடி வைத்ததும் நின்று, கீழே பார்த்து, “மிதக்கிற மாதிரியும் இருக்கு, தாழுற மாதிரியும் இருக்கு” என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. நேராகப் போவதற்கு அகட்டி வைப்பது ஒன்றே போதும். திரும்பும்போது காலைப் பின்பக்கமாக வைக்கக் கூடாது, வால் பனியில் குத்தி ஆளை விழுத்திவிடும், சின்னச் சின்ன அடியாக வளைந்துதான் திரும்ப வேண்டும். ஏற்றத்தில் பாதத்தின் முன்பகுதியை அழுத்திக் குத்தினால் பற்கள் பிடிக்கும். இறக்கத்தில் முழங்காலை லேசாக மடித்து, பாரத்தைக் குதிப் பக்கம் கொடுத்து, கிட்டக் கிட்ட அடி வைத்து இறங்கலாம். விழுந்தால் பயமில்லை, மெத்தென்ற பனி. பக்கவாட்டில் திரும்பி, முழங்காலில் நின்று, தடிகளைப் பனிக்கு மேல் குறுக்கே படுக்கப்போட்டு அவற்றில் கையை ஊன்றி எழும்ப வேண்டும். வெறுங்கையை ஊன்றினால் கைதான் தோள் வரை புதையும், ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இனி நண்பர்கள். தனியாகப் போகாதீர்கள் என்று எல்லோரும் பாதுகாப்புக்காகச் சொல்வார்கள், அது சரிதான், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. யாரும் நடக்காத புதுப்பனியில் முன்னால் போகிறவர் ஒவ்வொரு அடியிலும் பனியை நொறுக்கி, காற்றை வெளியேற்றி, இறுக்கிக் கொடுக்கிறார். அவருடைய கால் தாழ்கிற அளவு இரண்டாவது ஆளின் கால் தாழ்வதில்லை, மூன்றாவது நாலாவது ஆளுக்கு அது ஒரு பாதையாகவே இருக்கும். மாவுத் தட்டில் காட்போட்டுக்குக் கீழே கண்ட அந்த இறுகிய இடம்தான் இது. ஆகவே வேலை முழுவதும் முன்னால் இருப்பவருடைய தொடையில்தான் விழுகிறது, பின்னால் வருகிறவர் கதைத்துக்கொண்டே வரலாம். அதனால் முறை வைத்து மாற வேண்டும். வழக்கம் என்னவென்றால், முன்னால் போகிறவர் களைக்கத் தொடங்குகிற முன்பே பாதையை விட்டு ஒரு அடி விலகி நிற்பார், மற்றவர்கள் கடந்து போக, அவர் கடைசியில் சேர்ந்துகொள்வார். களைத்துப்போகும் வரை நின்று பிடிப்பது வீரமில்லை, வியர்த்துப்போவீர்கள், அது ஏன் ஆபத்து என்று அடுத்துச் சொல்கிறேன். பலமான இளைஞர்கள் முன்னால், முதல் தடவை வந்தவர்களும் வயதானவர்களும் மூன்றாவது நாலாவது இடத்தில், நன்றாகப் பழகின ஒருவர் கடைசியில். கடைசி ஆள் முக்கியம், முன்னால் போகிறவருக்குப் பின்னால் யார் நின்றுவிட்டார் என்று தெரியாது. பழகினவர்களும் புதியவர்களும் ஒன்றாகப் போய், எல்லோருக்கும் அதே நேரத்தில் அதே அளவு இதமாக இருக்கிற இப்படி ஒரு நடையை நான் வேறெங்கும் காணவில்லை.

உடுப்பு. இங்கிருந்து போகிறவர்கள் குளிருக்குப் பயந்து இருப்பதையெல்லாம் போட்டுக்கொண்டு இறங்குவார்கள், பத்து நிமிடத்தில் உள்ளே வியர்வையால் நனைந்துவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், நனைந்த உடுப்போடு தேத்தண்ணி குடிக்க நின்றால் உடம்புச் சூடு அப்படியே இறங்கிப்போகும். எங்களுக்குப் பழக்கமான பருத்தி இதில் மிக மோசம், ஏனென்றால் அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு காயவே காயாது. பருத்திப் பெனியனும் ஜீன்ஸும் வேண்டாம், ஜீன்ஸும் பருத்திதான். தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர், அதற்கு மேல் ஃபிளீஸ் மாதிரிக் காற்றைப் பிடித்து வைக்கிற ஒன்று, அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஜக்கெட். மூன்றும் தனித்தனியாகக் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். வீட்டுவாசலில் கொஞ்சம் குளிர்கிற மாதிரி இருந்தால்தான் அளவு சரி, நடக்கத் தொடங்கியதும் சூடாகிவிடும். நிற்கும்போது போடுவதற்கு ஒன்று பையில் இருக்கட்டும். மேஸ் இரண்டு சோடி போட்டுப் பூட்ஸை இறுக்கினால் இரத்தம் ஓடாமல் கால் இன்னும் விறைக்கும், தடித்த கம்பளி மேஸ் ஒன்று போதும். கையுறையில், ஐந்து விரலும் தனித்தனியாக உள்ளதைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கிற வகைதான் சூடு.

காற்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். வானிலை அறிக்கையில் இரண்டு எண் சொல்வார்கள், ஒன்று வெப்பநிலை, மற்றது காற்றோடு சேர்த்து உடம்புக்கு எப்படிப் படும் என்பது. மறை 10 பாகை நாளில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் வெறும் தோலுக்கு அது மறை 20 மாதிரி இருக்கும். தோலைச் சுற்றி உடம்பு சூடாக்கி வைத்திருக்கிற மெல்லிய காற்றுப் படையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது, காரணம் அதுதான். அந்த இரண்டாவது எண் மறை 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். இலங்கையிலிருந்து புதிதாகப் போனவர்கள் அப்படியான நாளை விட்டுவிடுங்கள், அதைவிட நல்ல நாள் வரும். யாருடையவாவது மூக்கு நுனியோ காதோ வெளிறித் தெரிந்தால் பனியைப் போட்டுத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் தோல் கிழியும். உடனே மூடி, சூடான கையை வைத்து, உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். இருதய வருத்தம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும், குளிரில் இரத்தக்குழாய் சுருங்கும்போது உடம்பை வருத்துவது இருதயத்துக்குப் பாரம்.

சாமான் சட்டுமுட்டு அதிகம் வேண்டாம். பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்ரீ, எள்ளுருண்டை, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். போத்தலைப் பைக்குள் தலைகீழாக வையுங்கள், தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும், அப்படி வைத்தால் வாய்ப்பக்கம் அடைபடாது. போன் ஜக்கெட்டின் உட்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும், குளிரில் பற்றரி சட்டென்று இறங்கும். ஆற்றின் மேலும் குளத்தின் மேலும் உறைந்து வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் கால் வைக்கவே வேண்டாம். பூங்காவுக்குள் இருக்கிற ரூஜ் ஓடுகிற ஆறு, நீரோட்டத்துக்கு மேல் பனிக்கட்டி எங்கே மெலிந்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதோடு பனிச்சறுக்கு ஓடுகிறவர்கள் போட்ட இரட்டைக் கோட்டை ஸ்னோஷூவால் மிதித்து அழிக்காதீர்கள், பக்கத்தால் போங்கள்.

நேரம். கொழும்பில் வருடம் முழுவதும் ஆறு மணிக்குக் கிட்ட இருட்டும் என்று பழகினவர்களுக்கு இது பிடிபடாது: டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், இருட்டோடு குளிரும் இறங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வெளிக்கிடலாம் என்று நினைத்தால் வாகனத் தரிப்பிடத்திலேயே நேரம் போய்விடும். காலை பத்து மணிக்குப் பாதையில் நிற்பதுதான் சரி. முதல் நாள் ஒரு கிலோமீற்றர் போய்த் திரும்பினால் போதும். பனி முழுவதும் கால் தடம், முயலுடையதில் பெரிய பின்னங்கால்கள் முன்னுக்கும் சின்ன முன்னங்கால்கள் பின்னுக்கும் விழுந்திருக்கும், பாயும்போது பின்கால் முன்காலைத் தாண்டி விழுவதால் வருவது. அதைப் பார்த்துப் பார்த்து நின்றால் ஒரு கிலோமீற்றருக்கே நேரம் சரியாக இருக்கும்.

வயதான அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போக விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மிதித்து இறுக்கிய பனி அப்படியே இருப்பதில்லை. நொறுங்கின துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சில மணித்தியாலத்தில் முன்பைவிடக் கெட்டியாகிவிடும், இரவு கடந்தால் இன்னும் உறுதி. ஆகவே சனிக்கிழமை நண்பர்கள் நாலு பேர் போய், முறை மாறி முன்னால் நடந்து, அகலமாக ஒரு பாதையைப் போட்டு வையுங்கள். போகும்போதும் வரும்போதும் அதே வழியால் நடந்தால் இரண்டு தடவை இறுகும். அதற்கு மேல் வெறும் பூட்ஸோடு யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நடந்தால் குழி குழியாக உறைந்து அடுத்தவரின் கணுக்காலைப் பிரட்டிவிடும். இரவில் திரும்பவும் பனி கொட்டாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவையும் அப்பாவையும் அந்தப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.